தலையெழுத்தும் வாசிப்பும்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி என் அக்கா மகளிடம் வந்து நின்றது. அவளுக்குப் பேச்சு இல்லை. கைகள் இருந்தும் அவற்றால் ஒன்றை எடுக்கவோ பிடிக்கவோ முடியாது. நண்பர் ஒருவர் (கவிஞர், சொற்களை எடைபோட்டுப் பேசுகிறவர்) சொன்னார்: "அந்தக் காலத்தில் தலையெழுத்து என்றார்கள். இப்போது ஜீன் என்கிறோம். பிரம்மா இருந்த இடத்தில் டி.என்.ஏ. வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றபடி விஷயம் ஒன்றுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அந்த வாக்கியம் என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. அதில் ஒரு சௌகரியம் இருந்தது. பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கான சௌகரியம். எழுதியாகிவிட்டது என்று சொன்ன பிறகு மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை, அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்.

தலையெழுத்து நம்மிடம் வெறும் பேச்சு வழக்காக மட்டும் இருந்ததில்லை. மண்டையோட்டில் எலும்புகள் பொருந்தும் வளைகோடுகளைக் காட்டி இதுதான் பிரம்மலிபி என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. எழுதியவன் ஒருவன், எழுதப்பட்ட இடம் ஒன்று, எழுத்து ஒன்று. யாராலும் அதை வாசிக்க முடியாது, அழிக்கவும் முடியாது. இந்த நம்பிக்கையின் பலம் இதன் எளிமையில் இருக்கிறது. ஜீன் என்ற சொல் தமிழுக்கு வந்தபோது, காலியாகிக்கொண்டிருந்த இந்த நாற்காலியில்தான் அதை நாம் உட்கார வைத்தோம். 'அது ரத்தத்திலேயே இருக்கிறது' என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் இன்று 'அது ஜீனிலேயே இருக்கிறது' என்கிறார்கள். தாத்தாவின் கோபத்தைப் பேரனிடம் கொண்டுவந்து இறக்குகிற நம் நாவல்களும் இதையேதான் செய்கின்றன. சொல் புதிதாகிவிட்டதால் சிந்தனையும் புதிதாகிவிட்டது என்ற பிரமை இதில் கூடுதல் லாபம்.

நண்பரின் வாக்கியத்தில் நான் மறுப்பது அதன் சோகத்தை அல்ல. அது உண்மையா என்பதே என் கேள்வி. அதுவும் குறிப்பாகத் தலையைப் பற்றி, தலைக்குள் இருக்கிற மூளையைப் பற்றி.

2

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு குழந்தையின் பொருட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவன். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும், கண்ணுக்குத் தெரியாத சின்ன உட்கருவுக்குள், சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை மடிந்து கிடக்கிறது. தாயிடமிருந்து 300 கோடி எழுத்து, தகப்பனிடமிருந்து அதேபோல் ஒரு 300 கோடி எழுத்து. இதில் புரோட்டீன்களைச் செய்வதற்கான ஜீன்கள் சுமார் 20,000. உண்மையில் புரோட்டீனாக மாறும் எழுத்துகள் மொத்த நீளத்தில் இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு. ஈரலின் செல்லிலும் மூளையின் செல்லிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே பிரதி. 'கிட்டத்தட்ட' என்றதற்குக் காரணம், வாழ்நாளில் ஒவ்வொரு செல்லிலும் சிறு எழுத்துப் பிழைகள் சேர்கின்றன என்பது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், எழுத்தே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே எழுத்து என்றால் ஈரல் ஏன் ஈரலாக இருக்கிறது, மூளை ஏன் மூளையாக இருக்கிறது?

இதற்கு முதல் வெளிச்சம் 1961இல் பாரிஸிலிருந்து வந்தது. பிரான்ஸுவா ழாக்கோப், ழாக் மொனோ இருவரும் ஆராய்ந்தது ஒரு பாக்டீரியாவை. பாலில் இருக்கும் சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் என்ஸைமை அது செய்கிறது. மற்ற நேரங்களில் ஒரு புரோட்டீன் டி.என்.ஏ.யின்மேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பகுதி வாசிக்கப்படாமல் தடுக்கிறது. எழுத்து எப்போதும் அங்கே இருக்கிறது. எப்போது, எவ்வளவு வாசிக்கப்படும் என்பது வேறு விவகாரம். 1965இல் ஆந்த்ரே ல்வோஃப்புடன் சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாக்டீரியாவிலிருந்து மனித மூளைக்கு வெகுதூரம். மூளையில் நியூரான்கள் மட்டும் சுமார் 8,600 கோடி. நியூரான் அல்லாத செல்களும் ஏறக்குறைய அதே அளவு. இவற்றில் எது எந்தப் பகுதியை வாசிக்கிறது என்பதைச் செல் செல்லாகப் பார்க்கும் வழி நம் காலத்தில்தான் கிடைத்தது. 2023 அக்டோபரில் இதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரு தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று, இறந்த மூன்று மனிதர்களின் மூளைகளில் 42 பகுதிகளிலிருந்து 11 லட்சம் செல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. எங்கெங்கே வாசிப்புக்குத் திறந்து கிடக்கிறது என்று பார்த்தது. 107 வகைச் செல்கள். ஜீன்களை இயக்குகிற சுவிட்ச்சுகளாக இருக்கக்கூடிய 5,44,735 இடங்கள். ஒரு வகைச் செல்லில் திறந்திருக்கும் இடம் மற்றொன்றில் மூடிக்கிடக்கிறது. 30 லட்சத்துக்கு மேற்பட்ட செல்களைப் பார்த்த இன்னொரு கட்டுரை செல்களை 3,313 உட்பிரிவுகளாகப் பிரித்தது. மனிதனின் பெருமையெல்லாம் குடியிருப்பதாக நாம் நினைக்கும் பெருமூளைப் புறணியைவிட, நடுமூளை, மூளைத்தண்டு போன்ற புராதனமான பகுதிகளில்தான் நியூரான்களின் பேதங்கள் மிகுதி என்று அது காட்டியது.

எண்கள் மலைக்க வைக்கும். மலைப்பு சிந்தனை ஆகாது. ஆகவே ஒரே ஒரு உதாரணம். பி.ஐ.என்.1 என்று ஒரு ஜீன். மூளையில் பல வகைச் செல்கள் அதை வாசிக்கின்றன. அதனருகே ஒரு எழுத்து வேறுபாடு இருப்பவர்களுக்கு முதுமையில் அல்ஸைமர் நோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். 2019இல் தெரியவந்தது என்னவென்றால், அந்த வேறுபாடு இருக்கும் இடம் மைக்ரோக்ளியா என்ற துப்புரவுச் செல்களில் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச். அந்தச் சுவிட்ச்சை வெட்டி எடுத்தால் மைக்ரோக்ளியாவில் ஜீன் அடங்கிவிடுகிறது. நியூரானிலோ அது பாட்டுக்கு வாசிக்கப்படுகிறது. அதாவது, அந்த எழுத்து அந்த மனிதரின் நியூரானிலும் இருக்கிறது, தோலிலும் இருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது. அர்த்தம் கொள்வது ஓரிடத்தில்.

எழுதியிருக்கிறது என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்? தலைக்கு ஒரு எழுத்து என்று இருந்த இடத்தில், ஒரே தலைக்குள் ஆயிரக்கணக்கான வாசிப்புகள்.

3

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எனக்கும் சேர்த்துத்தான்.

ஒரு செல் நியூரானாக இருப்பது, தன்னிடம் உள்ள எழுத்தின் பெரும்பகுதியை வாசிக்காமல் விடுவதால்தான் என்று சொன்னவுடன், நம்மில் சிலருக்கு மௌனம் என்ற சொல் நாவில் வந்து நிற்கும். நம் வட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே மவுசு அதிகம். கவிதையில் சொல்லத் தெரியாததற்கெல்லாம் மௌனம் என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு. செல்லுக்குள் நடப்பது தியானம் இல்லை. அது ஓயாத ரசாயன உழைப்பு. சைட்டோஸின் என்ற எழுத்தின்மேல் மீதைல் என்ற சிறு அணுக்கூட்டம் ஒட்டவைக்கப்படுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு வந்து உட்காரும் புரோட்டீன்கள் இருக்கின்றன. அவை மற்றவற்றை வரவழைத்து அந்த இடத்தை இறுக்கிச் சுருட்டுகின்றன. ஒரு நியூரான் எண்பது தொண்ணூறு வருஷம் பிரியாமல், பெருகாமல், அதே செல்லாக இருந்தாக வேண்டும். அத்தனை வருஷமும் இந்த அடக்கம் காப்பாற்றப்பட வேண்டும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. நியூரான்களில் இந்த அடையாளங்களில் ஒரு வகை, உடம்பின் மற்ற செல்களில் அரிதானது. பிறக்கும்போது மூளையில் அது ஏறக்குறைய இல்லை. பிறந்து முதல் இரண்டு வருஷங்களில் வேகமாகவும், பிறகு இளம்பருவம் வரை மெதுவாகவும் சேர்ந்துகொண்டே போகிறது. 2013இல் வெளிவந்த கட்டுரை ஒன்று இதைக் காட்டியது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவும், தவழவும், முதல் சொல்லைச் சொல்லவும் கற்கிற அதே மாதங்களில் அதன் நியூரான்கள் எதை வாசிக்காமல் விடுவது என்பதைக் குறித்துக்கொள்கின்றன. எல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்று நாம் சொல்கிற நேரத்தில், எழுத்தின்மேல் குறிகள் விழுந்துகொண்டேயிருக்கின்றன.

இந்தக் குறிகளைப் படிக்கும் புரோட்டீன்களில் ஒன்றுக்கு மெக்பி-2 என்று பெயர். எடின்பரோவில் பின்னால் நீண்டகாலம் பணியாற்றிய ஏட்ரியன் பேர்ட் அதை 1992இல் அடையாளம் கண்டார். அப்போது அது எந்த நோயோடும் சம்பந்தமில்லாத, ரசாயன ஆர்வம் மட்டுமே உள்ள ஒரு புரோட்டீன். அதற்குள்தான் என் அக்கா மகளின் கதை இருந்தது.

4

1954இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர், தன் காத்திருப்பு அறையில் தாய்மார்களின் மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகளைப் பார்த்தார். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இருவரும் ஒரே மாதிரி, கை கழுவுவதுபோல, கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். 1966இல் அவர் இதைப் பற்றி எழுதினார். ஜெர்மனில் எழுதியதால் வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1983இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்கும் மற்றவர்களும் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. அதே 1983இல், லெபனான் உள்நாட்டுப் போரால் அமெரிக்கா போய்ப் படிப்பைத் தொடர்ந்த ஹுடா ஸோக்பி என்ற இளம் மருத்துவர் ஹூஸ்டனில் இப்படியொரு குழந்தையைப் பார்த்தார். அந்தக் குழந்தையை அவர் மறக்கவில்லை. 16 வருஷம் கழித்து, 1999இல், அவருடைய ஆய்வுக்கூடம் காரணத்தைக் கண்டுபிடித்தது. எக்ஸ் குரோமோஸோமில் உள்ள மெக்பி-2 ஜீனில் ஏற்படும் பிழை. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு.

என் அக்கா மகள் 2000இல் பிறந்தாள். எங்களுக்கு இந்தப் பெயர் தெரிய மேலும் 13 வருஷங்களாயின.

பதினாலு மாதம் வரை அவள் எல்லாக் குழந்தைகளையும் போல இருந்தாள். ஐந்தாறு சொற்கள் இருந்தன. தட்டிலிருந்து பூந்தியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பாள். பிறகு சொற்கள் ஒன்றொன்றாகப் போயின. கடைசியாகப் போனது 'தா'. கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. ஒரு மருத்துவர், தாய் போதுமான அளவு பேச்சுக் கொடுக்காததுதான் காரணம் என்றார். இன்னொருவர், பெண் குழந்தை என்பதால் கவனிப்பில்லையோ என்று அக்காவைப் பார்த்தே கேட்டார். புகுந்த வீட்டில் அக்காவின் வம்சம் தோண்டித் துருவப்பட்டது. எங்கள் பெரியப்பாவின் மகன் ஒருவர் சின்ன வயசில் வலிப்பு வந்து இறந்தவர். அது போதுமானதாக இருந்தது. 'அந்த வீட்டு ரத்தம்' என்ற பேச்சைப் பன்னிரண்டு வருஷம் அக்கா கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். எங்கள் அம்மாவே அதை நம்பத் தொடங்கியிருந்தாள் என்பதுதான் இதில் கொடுமை.

2013இல் ரத்தப் பரிசோதனை நடந்தது. மெக்பி-2 ஜீனில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அக்காவையும் அத்தானையும் பரிசோதித்ததில் இருவரிடமும் அந்தப் பிழை இல்லை. புதிதாக நேர்ந்தது. நான் இரவெல்லாம் படித்தேன். இந்த நோயில் பிழைகள் அநேகமாக எல்லாமே புதியவை என்றும், அவற்றில் பெரும்பாலானவை தகப்பனின் விந்தணு உருவாகும்போது நேர்பவை என்றும் இருந்தது. அதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. அது வெற்றி. காலையில் முதல் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் வைத்துச் சொன்னேன்: "அக்கா, இது உன்கிட்டேருந்து வரலை. அத்தான் பக்கத்துலேருந்து வந்தது. இனிமே எவளாவது வாயத் திறக்கட்டும்."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: "அவரு தலையில தூக்கி வச்சா என் தலைபாரம் குறைஞ்சிருமாடா? நான் பட்டது போதாதா, இனி அவரு வேற படணுமா?"

இந்தக் கேள்வியில் இருக்கும் தெளிவு அன்று என்னிடம் இருக்கவில்லை. நான் செய்தது இரண்டு தவறுகள். ஒன்று, 'பெரும்பாலும்' என்றிருந்ததை 'நிச்சயம்' என்று ஆக்கியது. இது அறிவின் தவறு, திருத்திக்கொள்ளலாம். மற்றது ஆழமானது. அக்காவின் மாமியார் எந்தத் தராசை வைத்திருந்தாளோ அதே தராசை நான் கையில் எடுத்துத் தட்டை மட்டும் மாற்றிப் போட்டேன். காரணம் என்பதும் குற்றம் என்பதும் வேறுவேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அல்லது, தெரிய வேண்டாம் என்றிருந்தேன். கோடிக்கணக்கான தடவை படியெடுக்கும் வேலையில் ஓரெழுத்துத் தவறுவதை யார் செய்தார்கள்? அத்தானா? அவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். இன்னொன்றும் பிறகு படித்தேன். இந்த ஜீனில் அடிக்கடி நேரும் பிழைகள் பல, மீதைல் ஒட்டிய சைட்டோஸின் எழுத்துகளில் நேர்பவை. அந்த அடையாளம் ஏறிய எழுத்து எளிதில் வேறெழுத்தாகத் திரிந்துவிடும் ரசாயன இயல்பு கொண்டது. எந்த அடையாளத்தை மெக்பி-2 படிக்கிறதோ அதே அடையாளம்தான் மெக்பி-2 கெடுவதற்கும் வழி செய்கிறது. இதில் எந்த மனிதனைக் கூண்டில் ஏற்றுவது?

5

புதிய அறிவு எதுவானாலும் முதலில் அது யாரையாவது அடிக்கும் கம்பாகத்தான் நம் கையில் வருகிறது. ஜீன் என்ற சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2004இல் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் முதலியோர் எலிகளைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவற்றுக்கும், குறைவாக நக்கும் தாயிடம் வளர்ந்தவற்றுக்கும், மூளையில் ஒரு குறிப்பிட்ட ஜீனின்மேல் விழும் மீதைல் குறிகள் வேறுபடுகின்றன. குட்டிகளை இடம் மாற்றி வளர்த்தால் வளர்த்த தாயின் வழி போகின்றன. வாழ்க்கை எழுத்தின்மேல் குறியிட முடியும் என்பதற்கு இது சாட்சி; விதிவாதத்துக்கு எதிராக இதை நான் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதையே எடுத்துக்கொண்டு மனிதத் தாய்மார்களைத் திரும்பவும் விசாரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. ரத்தம் என்று சொல்லி ஒரு தடவை, வளர்ப்பு என்று சொல்லி இன்னொரு தடவை. நிற்பது அதே தாய். எலியிலிருந்து மனிதத் தாய்க்கு இவ்வளவு சுலபமாகத் தாண்டுகிறவர்கள், அக்காவைக் குற்றம் சொன்ன அந்த மருத்துவரிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்?

ஆக, எழுத்து என்றாலும் சரி, வாசிப்பு என்றாலும் சரி, குற்றவாளியைத் தேடும் மனம் இரண்டிலும் தன் தீனியைக் கண்டுகொள்ளும்.

இனி என்னை அதிகம் குழப்பிய கேள்விக்கு வருகிறேன். 1961இல் இங்கிலாந்தில் மேரி லயன், எலிகளின் திட்டுத்திட்டான ரோம நிறத்தை வைத்து ஒன்றை ஊகித்தார். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோஸோம் இரண்டு. கருவின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை, தாயுடையதோ தகப்பனுடையதோ, குருட்டாம்போக்கில் அடக்கிவிடுகிறது. அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் அந்த முடிவையே கைக்கொள்கின்றன. ஆகவே பெண்கள் எல்லோருமே இரு வகைச் செல்களின் கலவை. அக்கா மகளின் மூளையில், உத்தேசமாகப் பாதி நியூரான்கள் நல்ல பிரதியை வாசிக்கின்றன. மீதி, பிழைபட்டதை. இரண்டும் ஊர் பிரித்துக்கொண்டு வாழவில்லை. அடுத்தடுத்து, ஒன்றோடொன்று இழைந்து கிடக்கின்றன. ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளுக்கு இந்தக் கலவை கிடையாது. இந்தப் பிழையோடு பிறக்கும் ஆண் குழந்தைகள் பலர் சின்ன வயசிலேயே இறந்துவிடுகிறார்கள். அவள் உயிரோடிருப்பதே இந்தக் கலவையால்தான்.

அப்படியானால் எது அவள்? நல்ல நியூரான்களைச் சேர்த்து 'இதுதான் உண்மையான அவள், மற்றது அவளைச் சிறையிட்ட நோய்' என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அக்கா ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தாள்: உள்ளே முழுசாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கதவுதான் திறக்கவில்லை என்று. நானும் அதை நம்பினேன். இப்போது நம்ப முடியவில்லை. இரண்டு வகை நியூரான்களும் சேர்ந்துதான் அவள் தாயின் குரலைக் கேட்டுத் திரும்புகின்றன. பிழைபட்டவற்றை நீக்கினால் எஞ்சுவது ஒரு சுத்தமான அவள் இல்லை, ஒருவருமே இல்லை. சுயம் என்று நாம் இத்தனை பக்கங்களை நிரப்பி எழுதியிருக்கிறோமே, அதற்கு உள்ளே ஒரு மையம், ஒரு சிம்மாசனம் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடுதான் எழுதினோம். 11 லட்சம் செல்களைத் திறந்து பார்த்தவர்களின் வரைபடத்தில் அப்படியொரு சிம்மாசனம் இல்லை. அவளுக்கு மட்டும் என்ன, நமக்கும் இல்லை.

அந்த வரைபடத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அவை இறந்தவர்களின் மூளைகள். ஒவ்வொரு செல்லும் உடைக்கப்பட்டு ஒரு முறை, ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டது. உயிரோடு இருப்பவளின் மூளையை யாரும் இப்படித் திறந்து பார்க்கப்போவதில்லை, கூடவும் கூடாது. அவளைப் பற்றிச் செல் அளவில் நான் சொன்னதெல்லாம் ஊகம். எண்களின் துல்லியத்தில் இதை மறந்துவிடுவது எளிது.

6

2007இல் ஏட்ரியன் பேர்டின் ஆய்வுக்கூடம் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. சுண்டெலிகளில் மெக்பி-2 ஜீனின் நடுவே ஒரு தடையை வைத்து, தேவைப்படும்போது மருந்து கொடுத்து அதை நீக்க வழி செய்திருந்தார்கள். தடையோடு பிறந்தவை நோயுற்றன. நடை தளர்ந்து, உடல் நடுங்கி, சாகும் தறுவாய்க்கு வந்தன. அப்போது தடையை மெதுவாக நீக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை எழுந்து நடமாடின. நியூரான்கள் அதுவரை சாகவில்லை. சிறுத்து, நெருக்கமாக, இருந்த இடத்திலேயே இருந்தன.

இதை முதலில் படித்த இரவில் நான் அழுதேன் என்பதைத் தவிர இங்கே சொல்ல வேண்டியது, அந்தக் கண்ணீரை நம்பி ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பது. எலிகளில் தடை மனிதர்கள் வைத்தது, எடுப்பதற்கென்றே வைத்தது. தடையைத் திடீரென்று முழுசாக நீக்கியபோது எலிகளில் பல செத்தும் போயின. மெக்பி-2 இரண்டு மடங்காக இருந்தாலும் நோய்தான். ஜீன் இரட்டித்துப்போன ஆண் குழந்தைகள் அந்த வேறு நோயோடு இருக்கிறார்கள். அடக்கம் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. மனிதர்களில் ஜீன் சிகிச்சைச் சோதனைகள் 2023இல் தொடங்கிவிட்டன. அக்காவிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நம்பிக்கையும் ஒரு அளவுக்கு மேல் கொடுத்தால் விஷம்.

ஆனாலும் நண்பருக்கான என் பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. தலையெழுத்து என்பது முடிந்துபோனதைச் சொல்லும் சொல். மூளையின் செல்களில் நடப்பது முடிந்துபோனது இல்லை. ஒவ்வொரு நாளும் காப்பாற்றப்படுவது, ஆகவே தவறக்கூடியது, ஆகவே ஒருவேளை திருத்தக்கூடியது. எழுத்தையும் எழுத்தின் வாசிப்பையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த இரண்டு 'ஆகவே'களும் காணாமல் போய்விடும். பிரம்மாவின் நாற்காலியில் டி.என்.ஏ.யை உட்கார வைத்தது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். அந்த நாற்காலியே காலியாக இருக்கட்டும்.

அதற்காக, விதி தொலைந்தது, சுதந்திரம் வந்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. வாசிப்பு என்ற சொல்லை இவ்வளவு நேரம் பயன்படுத்தினேன். அதன் மயக்கத்தையும் கலைத்துவிட வேண்டும். செல்லுக்குள் வாசகன் யாரும் இல்லை. தேர்ந்தெடுக்கிறவன் யாரும் இல்லை. அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நானும் என் நியூரான்கள் எதை அடக்கின, எதை விட்டன என்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுதினவனும் இல்லை, வாசிக்கிறவனும் இல்லை என்றால் பொறுப்பு எங்கிருந்து வருகிறது?

அது உள்ளேயிருந்து வருவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு இன்று இருபது வயசு தாண்டிவிட்டது. அக்கா தினமும் அவளிடம் பேசுகிறாள்; காய்காரனிடம் பேரம் பேசியது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எல்லாம். முன்பு ஒரு நாள், இந்தப் பேச்சு அவளுடைய செல்களில் ஏதாவது குறியை மாற்றுமா என்று நான் யோசித்தது உண்டு. மாற்றினால் பேசுவதற்கு அர்த்தம் இருக்கும் என்பதுபோல! அந்த யோசனை எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. மாற்றுமோ என்னமோ, பேச்சு அதற்காக இல்லை. இன்னொரு மனிதருக்கு நாம் பட்டிருக்கும் கடன், அவர் மூளையில் என்ன விளைகிறது என்ற கணக்குக்கு உட்பட்டதாக இருந்தால், கணக்குத் தவறும் நாளில் கடனும் ரத்தாகிவிடும். நண்பரின் ஆறுதல் வார்த்தையில் எனக்குப் பிடிபடாமல் உறுத்தியது இதுதான். அது கணக்கை முடித்துவிடுகிறது.

அவளுக்குத் தாகம் என்றால் முதலில் தண்ணீர்ச் செம்பைப் பார்ப்பாள். பிறகு நம் முகத்தைப் பார்ப்பாள். நாம் கவனிக்கவில்லை என்றால் திரும்பவும் செம்பு, திரும்பவும் முகம். கைகள் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருக்கும். இப்படி அரைமணி நேரம் கூடக் காத்திருப்பாள். நண்பர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவரை அக்கா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, நானும் அக்காவும் சற்று நேரம் உள்ளே இருக்கப்போகிறோம்.